இடது கைக்கு ஒரு மோட்டார்

அனுப்பர்பாளையத்துக் காயலாங்கடைக்குப் பிரிசில்லா போனது ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்க. வாங்கி வந்தது படகு மோட்டார். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுகிற ஊர் திருப்பூர். இங்கே படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் நியாயம்தான். கடைக்காரருக்கே அது இன்னதென்று தெரியவில்லை. லாரியில் வந்த பழைய சாமான்களோடு சேர்ந்து வந்து, நசுங்கிய அண்டாக்களுக்கு நடுவே தலைகீழாகக் கிடந்தது.

“சாயப்பட்டறையில தண்ணி கலக்குற மிசினுங்க அம்மிணி,” என்று அடித்துச் சொன்னார் அவர். “அலுமினியம் நல்ல கனம். பாத்திரக்காரங்க உருக்கறதுக்குக் கேட்டிருக்காங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா இதைப் பாத்திருக்கவே மாட்டீங்க.”

பிரிசில்லா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கீழே மூன்று இதழ் விசிறி. நடுவே பலகையில் மாட்டி முறுக்க இரண்டு திருகு. மேலே ஹெல்மெட் மாதிரி ஒரு மூடி. முன்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கைப்பிடி. போன மழைக்கு வெள்ளம் வந்தபோது தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகின் பின்னால் இதே மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வலது கையில் பை இருந்ததால் இடது கையால் அந்தப் பிடியைப் பற்றித் திருகினாள். துருப்பிடித்துக் கரகரத்தாலும் பிடி திரும்பியது. அந்த நிமிஷமே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. அட, இதை இடது கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டலாமே!

அதோடு டேபிள் ஃபேன் மறந்துபோயிற்று. கடைக்காரர் மோட்டாரைத் தராசில் ஏற்றி, பழைய அலுமினிய விலைக்கே கொடுத்துவிட்டார். ஆட்டோவில் அதை மடிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மண்ணரைக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பிடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சேலையெல்லாம் கிரீஸ். அதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

பிரிசில்லாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வயது முப்பத்தாறு. மண்ணரையில் நாற்பது தையல் மெஷின் ஓடுகிற ஒரு பனியன் கம்பெனியில் அவள் மெக்கானிக். துணியைக் கைமடித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, ஓவர்லாக் டெய்லராகி, அதற்குப் பிறகு மெக்கானிக் ஆனவள். அந்தக் கடைசிப் படியை அவள் ஏறியது கோபத்தால்தான். பீஸ் கணக்கில் தைக்கிறவளுக்கு மெஷின் நின்றால் பிழைப்பு நின்றது. கூப்பிட்டால் மெக்கானிக் டீக்கடையிலிருந்து கிளம்பவே கால் மணி நேரம் ஆகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவளே மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். மெஷின் ஓடியது. அடுத்த வாரம் பக்கத்து மெஷின், அதற்கடுத்த வாரம் எதிர் வரிசை. கடைசியில் முதலாளியே ஸ்குரூ டிரைவர் செட்டைக் கையில் கொடுத்து, “இனித் தைக்க வேண்டாங்க அம்மிணி, ரிப்பேர் மட்டும் பாருங்க,” என்று சொல்லிவிட்டார். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் எச்சுதான். இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் தூக்கிக் கொடுத்த பெருமை இல்லையே அது.

அவள் வீட்டுக்காரன் சின்னான், நிட்டிங் கம்பெனிகளுக்குத் துணி உருளை ஏற்றி இறக்குகிற லோடுமேன். அது பகல் வேலை. விடியற்காலை வேலை மீன்பிடிப்பு. ஊருக்கு வெளியே இருக்கிற வேலங்குளத்து மீன்பிடி சங்கத்தில் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு குடோனில் அடுக்கி வைத்திருந்த உருளைகள் சரிந்து அவன்மேல் விழுந்தன. வலது தோள் நொறுங்கிப்போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை நெஞ்சுக்குமேல் எழும்பவில்லை. சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். டீக்கடைக்குப் போகக்கூட, மழை பெய்தால் குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று வாசலிலேயே நின்றுவிடுவான். வாய் திறந்து கேட்கவும் மாட்டான். எதற்கெடுத்தாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பான். அதைத்தான் பிரிசில்லாவால் தாங்க முடியாது.

இதில் குளத்துச் சங்கத்தின் சட்டம் வேறு. ஒரு காலத்தில் ஆளாளுக்குப் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு குளத்துப் பக்கமே வராமல் அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதைத் தடுக்க வைத்த ஏற்பாடுதான் ‘முதல் வலை’. தீபாவளி லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத் தலைவர் கரையில் நின்று ஒவ்வொரு பங்குக்காரர் பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் தனி ஆளாகக் குளத்துக்குள் போய்த் தன் கையால் வலை போட வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் போகாவிட்டால் பங்கு போயிற்று, பங்குக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். இந்த வருஷம் அடுத்து நிற்பவன் பிரதீப் என்கிற இளவட்டம். நல்ல பிள்ளை. புதிதாகப் பரிசல்கூட வாங்கி வைத்துவிட்டான். சின்னானிடம் இருப்பது ஒரு பழைய ஃபைபர் படகு. துடுப்புப் போட இரண்டு கை வேண்டும். இருப்பது ஒன்று.

பங்கு போனால் மீன் போகும், அது ஒரு பக்கம். அதைவிட, காலையில் எழுந்து போவதற்கு அவனுக்கென்று இருந்த ஒரே இடமும் போய்விடும். அது பிரிசில்லாவுக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய மோட்டாரைச் சின்னான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். “ஏ புள்ள, இது ஓடுமா?”

“ஓட வெக்கறேன் மாமா. நாப்பது மிசினை ஓட வெக்கறவளுக்கு இந்த ஒண்ணு ஓடாதா?”

“ஓடுனாலும் கவுறு இழுத்துல்ல ஸ்டார்ட் பண்ணோணும்? நீ கூட வர முடியாதே.”

அங்கேதான் இருந்தது சூட்சுமம். மோட்டார் ஓடினால் மட்டும் போதாது. இடது கையால் லேசாக இழுத்தாலே பிடித்துக்கொள்கிற மாதிரி ஓட வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். அன்று திங்கள்.

தீபாவளி லீவில் திருப்பூரைப் பார்க்க வேண்டுமே! வெளியூர்க்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிவிடுவார்கள். கம்பெனிகளில் மெஷின் சத்தம் அடங்கி, தெருவில் நாய் குரைப்பது அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். லைன் வீட்டு முற்றம் முழுக்க அவளுக்குத்தான். கிழிந்த பேனரை விரித்து, மோட்டாரைக் கிடத்தி, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பனியன் வெட்டுத்துணியில் வரிசையாக வைத்தாள். தண்ணீர் வெளியேறும் துளைக்குள் குளவிக்கூடு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாகிக் கிடந்தது. ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு கையோடு வந்துவிட்டது. பிரிசில்லாவுக்கோ ஒரே கொண்டாட்டம். அழுக்கும் அடைப்பும்தான், எதுவும் உடையவில்லை! பின்னலாடைக்குக் கழுத்தில் கோக்கிற நல்ல கெட்டி நாடாவை மூன்று புரியாக முறுக்கி ஸ்டார்ட்டர் கயிறாக்கினாள். குளவிக்கூட்டை ஊசியால் நோண்டி எடுத்தாள். கார்புரேட்டரின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஓவர்லாக் ஊசியை விட்டுத் துழாவினாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு முட்டுக்கட்டை வந்தது. மோட்டாரின் கால்பகுதிக்குள், குளத்துத் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைக்க, ஆறு இறக்கை வைத்த ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கிறது. தொட்டதுமே அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிது வேண்டுமென்றால் கடற்கரை ஊரிலிருந்து வர வேண்டும். லீவு முடிந்தால்தான் கூரியர் ஓடும். பிரிசில்லா அந்த ரப்பர் பொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து ஓடினாள். கம்பெனியில் பிரிண்டிங் பார்க்கிற வர்ஷினியின் வீடு இரண்டு சந்து தள்ளி.

“வர்ஷினி, படம் அடிக்கறப்ப மையை வழிப்பீங்கல்ல, அந்த ரப்பர் கட்டை! பழசு ஒண்ணு இருக்குதா கண்ணு?”

“ஸ்குவீஜியாக்கா? தேய்ஞ்சது ஒரு பை நிறையக் கெடக்குது. எதுக்குங்கக்கா?”

“படகு ஓட்டறதுக்கு.”

வர்ஷினி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையோடு தூக்கிக் கொடுத்தாள். மையிலும் கெமிக்கலிலும் ஊறி ஊறித் தேறின ரப்பர் அது. இருப்பதிலேயே வளைந்து கொடுக்கிற துண்டைப் பொறுக்கி, பிளேடால் ஆறு இறக்கையாக வெட்டி, பழைய சக்கரத்தின் நடுவே மிஞ்சிய பித்தளைக் குமிழில் ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒரு இறக்கை சரியாக உட்கார நான்கு தடவை வெட்ட வேண்டியிருந்தது. முடித்தபோது புதன்கிழமை மத்தியானம்.

பெட்ரோல் வாங்கக் கேனோடு போனாள். இந்த மாதிரி மோட்டாருக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும். பங்க்கில் நின்ற பெண், “டூ-டி ஆயில் பாக்கெட் ஊத்தட்டுங்களாக்கா?” என்று கேட்டாள்.

“வேண்டாம் கண்ணு. எங்ககிட்ட இதைவிடச் சுத்தமான ஆயில் இருக்குது,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் முற்றத்தில் திருவிழாக் கூட்டம். ஊருக்குப் போகாத குடும்பங்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. கம்பெனியின் இன்னொரு மெக்கானிக் தங்கதுரை தீபாவளிக்கு எடுத்த வெள்ளை வேட்டியோடு வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஊசி மாற்றத் தெரிந்த பெண்பிள்ளை எஞ்சினைப் பிரித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தவர். சாயப்பட்டறையிலிருந்து வந்த பெரிய நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி, மோட்டாரை மாட்டியிருந்தாள். டிரம்மை இரண்டு தடவை கழுவினாள் என்பதும் உண்மை.

முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். ஐந்தாவதில், டப்... டப்... டபடபடபவென்று பிடித்துக்கொண்டது பாருங்கள்! ஓட்டு வீடெல்லாம் அதிர்ந்தது. பிரிசில்லா, “ஐயோ ஓடுது! மாமா, ஓடுது!” என்று குதித்தாள். டிரம்மின் அடியில் இத்தனை வருஷம் படிந்திருந்த சாயத்தை விசிறி ஒரே கலக்காகக் கலக்கியது. மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்வித்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வெறும் தண்ணீர் அல்ல, குங்குமச் சிவப்பு. நேராகத் தங்கதுரையின் வேட்டியில்.

“ரத்தம் கக்குதுங்கோ!” என்று கத்திக்கொண்டு எழுந்தார் மனிதர். முற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எட்டு மாதமாகச் சிரிக்காத சின்னானும் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஸ்குவீஜி ரப்பர் தண்ணீரை இழுக்கிறது! பிரிசில்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிடியைத் திருகித் திருகி வேகம் கூட்டினாள். புகைகூட வரவில்லை. எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

பத்து நிமிஷம் ஓடியிருக்கும். சத்தம் கொஞ்சம் இறுகியது. பிரிசில்லாவின் காது அதைப் பிடித்துக்கொண்டது, ஆனால் கை போவதற்குள் ‘கிறீச்’ என்று ஒரு ஓலம் போட்டு மோட்டார் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்தது. தங்கதுரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சின்னான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“விடு புள்ள. பிரதீப்பு நல்ல பையன்தான். அவனுக்கே போகட்டும்.”

“வாயை மூடுங்க,” என்றாள் பிரிசில்லா. அவனை அப்படி அவள் அதட்டியதே இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காலையில் எழுந்ததும் தெரிந்துவிட்டது. மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய்க் குப்பியை எடுத்து விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அவள் கையிலேயே இருக்கிற வெள்ளை ஆயில். தண்ணீர் மாதிரி இருக்கும். துணியில் விழுந்தாலும் கறை படாது. பனியன் கம்பெனியில் நல்ல ஆயில் என்றால் கறை படாத ஆயில்தான். எக்ஸ்போர்ட் பீஸில் ஒரு பொட்டு மஞ்சள் தெரிந்தால் பெட்டியோடு திரும்பி வருமே! அந்த நினைப்பிலேயே வாழ்ந்தவள், நெருப்பு எரிகிற எஞ்சினுக்கும் அதையே அளந்து பெட்ரோலில் கலந்துவிட்டாள். அந்தச் சூட்டுக்கு அது எந்த மூலைக்கு? ஒட்டி நின்று வழுவழுப்புக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆவியாகிப் போயிருக்கிறது. பங்க்கில் ஒரு சின்னப் பெண் கேட்டபோது என்ன திமிராகப் பதில் சொல்லிவிட்டு வந்தோம்! பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு ஸ்பேனரை எடுத்தாள்.

எஞ்சினைப் பிளந்து பார்த்ததில் போன உயிர் திரும்பி வந்தது. பிஸ்டன் உடையவில்லை. ஒரு பக்கம் நீளவாட்டில் கீறல், அதைச் சுற்றியிருந்த வளையங்கள் தம் பள்ளத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். வியாழனும் வெள்ளியும் அவள் சோறு தின்றாளா என்று சின்னானுக்குத்தான் தெரியும். அவன்தான் இடது கையால் உருட்டி ஊட்டிவிட்டான். தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் கீறலை வருடி வருடி மழுக்கினாள். வளையங்களைத் துணி ஊசியால் விடுவித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கதுரை வந்தார். கையில் டூ-டி ஆயில் பாக்கெட் ஐந்து.

“கறை படற ஆயிலுங்க அம்மிணி. என் வேட்டியைவிடவா கெட்டுப்போயிரும்னு வாங்கீட்டு வந்தேன்,” என்று சொல்லிவிட்டு, கேட்காமலே உட்கார்ந்து நட்டு முறுக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மோட்டார் மறுபடியும் டிரம்மில் ஏறியது. இந்தத் தடவை கூட்டம் இல்லை. நீலப் புகை விட்டுக்கொண்டு, கரகரவென்று, கிழட்டுக் குரலில் ஓடியது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. சிவப்புத் தண்ணீர் வெளிறி, வெறும் தண்ணீராகும் வரை ஓடியது. நிறுத்திவிட்டுக் கயிற்றைச் சும்மா இழுத்துப் பார்த்த பிரிசில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இழுப்பு முன்னைவிட லேசாக இருந்தது! பிஸ்டனில் கீறல் விழுந்ததால் உள்ளே காற்றின் அமுக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அது நஷ்டம். இன்று அது இடது கைக்கு வந்த அதிர்ஷ்டம்.

“மாமா, வாங்க. நீங்க இழுங்க.”

சின்னான் வந்தான். இடது கையால் கயிற்றைப் பற்றி, உடம்போடு சேர்த்துத் திரும்பி ஒரு இழுப்பு. இரண்டு. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அவன் அவளைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

ஞாயிறு காலை பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, ஆராதனைக்குப் போகாமல் குளத்துக்குப் போனாள் பிரிசில்லா. ஐப்பசி மழையில் வேலங்குளம் கரை தொட்டு நின்றது. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை பச்சையாக அடைத்துக்கொண்டிருந்தது. பரிசல்கள் வரிசை கட்டி நிற்க, சின்னானின் படகில் மோட்டாரைப் பார்த்ததும் ஒரு முணுமுணுப்பு. மீன் மிரண்டு போகும் என்றான் ஒருத்தன். துடுப்புப் போட்டால்தான் கணக்கு என்றான் இன்னொருத்தன். சங்கத் தலைவர் ஆறுமுகசாமி கண்ணாடியை மேலே தள்ளி, நோட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார்.

“தனி ஆளாப் போயி தன் கையால வலை போடோணும்னுதானுங்க இருக்குது. எதுல போறதுன்னு இதுல ஒண்ணும் போடலீங்களே,” என்றார். “ஒரு கை இருந்தாலும் அது அவரு கைதானுங்க.”

பிரதீப் தன் பரிசலுக்குப் பக்கத்தில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான்.

சின்னான் பெயர் பதினேழாவது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக வலை போட்டு முடிக்க வெயில் ஏறிவிட்டது. பிரிசில்லா காலையில் ஒருதரம் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்த மோட்டார் முழுக்க ஆறிப்போயிற்று.

“சின்னான்!” முதல் அழைப்பு.

இழுத்தான். இல்லை. மறுபடியும் இழுத்தான். இல்லை. பிரிசில்லா கரையில் நின்றபடி தன் இடது கையை இறுக மூடிக்கொண்டாள்.

“சின்னான்!” இரண்டாவது.

நாலாவது இழுப்பில் இருமியது, நின்றது. அவன் நிதானமாக முன்பக்கக் குமிழை இழுத்துவிட்டான். ஆறிப்போன எஞ்சினுக்கு இழுத்துவிட வேண்டிய சோக்! அதை அவள் சொல்லவே மறந்திருந்தாள், அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். ஐந்தாவது இழுப்பு. குபுக்கென்று ஒரு நீலப் புகை, அதற்குப் பிறகு அந்தக் கிழட்டுக் கரகரப்பு. கரையிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. “போங்க மாமா! போங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் தலைவர் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது.

நடுக்குளத்துக்குப் போனதும் சத்தம் நின்றது.

ஆகாயத்தாமரை வேர் விசிறியில் சுற்றியிருக்க வேண்டும். அது மட்டும் நிச்சயமாக அவளுக்குத் தெரிந்தது. கத்திச் சொல்லலாம் என்று தண்ணீரோரம் வரை ஓடினாள். அங்கே அவன் தனியாக இருக்கிறான். ஒரு கை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, எதற்கும் திரும்பிப் பார்க்க அவள் அவன் பக்கத்தில் இல்லை. பிரதீப் பரிசலின் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, “தோளுல போட்டுத் தூக்குங்கண்ணா! தோளுல!” என்று தன்னை மறந்து கத்தினான்.

சின்னானுக்குக் கேட்டதோ இல்லையோ. குனிந்து, இடது தோளை மோட்டாருக்கு அடியில் கொடுத்து நெம்பித் தூக்கினான். விசிறி வெளியே வந்தது. பல்லால் கடித்து இழுத்தானோ, கையால் பிய்த்தானோ, பச்சைக் கொத்து ஒன்று தண்ணீரில் விழுந்தது. மோட்டாரை இறக்கினான். ஒரே இழுப்பு.

டபடபடபடப!

பிரிசில்லா அழுதுகொண்டே கைதட்டினாள். வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ. சின்னான் வலையின் முனையிலிருந்த மிதவையைத் தண்ணீரில் போட்டு, மோட்டாரை மெதுவாக முன்னால் விட்டான். தொட்டியில் மடித்து வைத்திருந்த, நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலை தானாகவே அவிழ்ந்து, நீண்டு, ஒரு சிக்கல் இல்லாமல் குளத்தில் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு கைக்காரன்கூட அத்தனை நேராகப் போட்டிருக்க மாட்டான். கடைசி மிதவையும் விழுந்ததும் ஆறுமுகசாமி நோட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பிரதீப் வந்து, “அடுத்த வருசம் பாத்துக்கறேனுங்கக்கா,” என்று சொல்லிச் சிரித்தான்.

வலை போட்ட படகு கரைக்குத் திரும்பவில்லை. நேராக மேற்கே போனது. மதகுப் பக்கம் வளைந்தது. எதிர்க்கரை ஓரமாக, வேலமரங்களின் நிழலுக்குள் புகுந்து மறைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தது. அவன் கரைப்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சட்டை காற்றில் உப்பிக்கொண்டிருக்க, இடது கை பிடியில், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான்.

ஆறுமுகசாமி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, பேரு எழுதியாச்சு, எல்லாம் முடிஞ்சுது. உங்கூட்டுக்காரரு அக்கட்டால எங்கீங்க போறாரு?”

பிரிசில்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“தெரியலீங்க,” என்றாள். “எங்கிட்டச் சொல்லீட்டுப் போகலீங்க.”